பவர் என்றால் சக்திதானா? ஓர் ஆங்கிலச் சொல்லில் நாம் விடும் பிழைகள்

இலங்கையின் வடக்கே, பரந்தனில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தும் எனக்கு, காய்ச்சலால் நான்கு நாட்கள் வராமலிருந்து திரும்பிய மாணவன் ஒருவன் சொன்ன காரணம் இன்னும் நினைவிலிருக்கிறது. “ஐ ஹாவ் நோ பவர், சேர்” என்றான். உடம்பில் பெலன் இல்லை என்பதே அவன் சொல்ல வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அதைக் கேட்டிருந்தால், அவனுடைய வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டது என்றோ, ஏதோவொரு விடயத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை என்றோதான் விளங்கிக்கொண்டிருப்பார். உடலின் பெலனுக்கு அங்கே ஸ்ட்ரெங்த் என்றோ எனர்ஜி என்றோ சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்று வகுப்பின் நடுவே மின்சாரம் நின்றபோது அதே மாணவன் “நோ கறண்ட், சேர்” என்றான். பவர் என்ற சொல் வந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

நாம் தமிழுக்குள் வைத்துப் பேசும் பவர் வேறு, ஆங்கிலத்தின் பவர் வேறு என்பதை முதலில் ஏற்றுக்கொண்டால் பாதிப் பிழைகள் குறையும். கடுமையான மருந்தைப் ‘பவரான குளிசை’ என்கிறோம். அதை அப்படியே பெயர்த்துப் பவர்ஃபுல் டப்லட் என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் குளிசைக்கும் சாயம் கூடிய தேத்தண்ணிக்கும் ஸ்ட்ரோங் என்ற அடையே இயல்பாகச் சேரும். அடைமழைக்கு அந்த இரண்டுமே சேராது, ஹெவி என்றுதான் சொல்ல வேண்டும். மாறாக, உழவு இயந்திரத்தின் எஞ்சினையோ கூட்டத்தைக் கட்டிப்போடும் ஒரு பேச்சையோ பவர்ஃபுல் என்று சொல்வதில் தவறில்லை. இதற்கு விதி சொல்லிக் கொடுக்க நானும் சில காலம் முயன்றேன், பயனில்லை. எந்தப் பெயரோடு எந்த அடை சேரும் என்பதைச் சோடி சோடியாக மனத்தில் இருத்துவதே வழி.

மூக்குக்கண்ணாடியில் நடக்கும் குழப்பம் தனியானது. “கண்ணில் பவர் கூடிவிட்டது” என்று கவலைப்படுபவர், மை ஐ பவர் இஸ் ஹை என்று எழுதினால், கண்பார்வை மிகக் கூர்மையாக இருக்கிறது என்று பெருமை பேசுவதாகக்கூட வெளியூரார் எண்ணலாம். கூடியிருப்பது வில்லையின் வலு, கண்ணின் வலு அன்று. வில்லையின் வலு தயொத்தர் (டயொப்டர்) என்ற அலகில் அளக்கப்படுகிறது; அது மீற்றரில் சொல்லப்படும் குவியத்தூரத்தின் தலைகீழ். மைனஸ் இரண்டு என்று எழுதப்பட்ட வில்லையின் குவியத்தூரம் அரை மீற்றர். அதை அணிபவர் கண்ணாடியைக் கழற்றினால் ஏறத்தாழ ஐம்பது சென்ரிமீற்றருக்கு அப்பால் உள்ளவை அவருக்கு மங்கத் தொடங்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஐ பவர் என்பதை விட்டு, பிறிஸ்கிறிப்ஷன் மாறியிருக்கிறது என்றோ, வலுக்கூடிய கண்ணாடி தேவைப்படுகிறது என்றோ எழுதுவது நல்லது.

இத்தனை பொருள்களும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன என்று கேட்பவர்களுக்கு அதன் பிறப்பைச் சொல்வது உதவும். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல்லின் வேர், ‘இயலுதல்’ என்ற பொருளுடைய இலத்தீன் வினை. எங்களுடைய வாய்மொழியில் சொன்னால், பவர் என்பது அடிப்படையில் ‘ஏலும்’ என்பதே. சட்டப்படி ஏலும் என்றால் அதிகாரம், ஒரு நாட்டால் பிற நாடுகளை அசைக்க ஏலும் என்றால் வல்லரசு, இயந்திரத்தால் குறித்த நேரத்தில் வேலை செய்து முடிக்க ஏலும் என்றால் வலு. நோயாளியைப் பற்றி “அம்மாவுக்கு ஏலாது” என்று சொல்லும் வழக்கமுள்ள எங்களுக்கு இந்த வேர் அந்நியமானதாக இருக்காது.

ஆனால் விஞ்ஞான வகுப்பில் இவ்வளவு இளக்கம் செல்லாது. எங்கள் பாடநூல்களில் பவர் வலு எனப்படும், எனர்ஜி சக்தி எனப்படும், ஃபோர்ஸ் விசை எனப்படும். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ பவர் என்பது திறன், எனர்ஜி என்பது ஆற்றல். இணையத்தில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளைப் பார்த்துப் படிக்கும் எங்கள் பிள்ளைகள், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் வலுவுக்குத் திறன் என்று எழுதிவிடுகிறார்கள். இங்கு திறன் என்பது ஒரு பொறி தனக்குத் தரப்பட்ட சக்தியில் எவ்வளவைப் பயனுள்ள வேலையாக மாற்றுகிறது என்பதைக் குறிக்கும். இரண்டு நாட்டு வழக்கும் தத்தம் இடத்தில் சரியானவை. ஒரே விடைத்தாளில் அவற்றைக் கலப்பதே பிழை.

வலுவையும் சக்தியையும் மாற்றிப் போடுவது இதைவிடப் பெரிய பிழை. ஒரு செக்கனுக்கு ஒரு யூல் வீதம் சக்தி செலவாகும்போது வலு ஒரு வாற்று. தோட்டக் கிணற்றில் பூட்டிய இரண்டு குதிரைவலு மோட்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைவலு 746 வாற்று ஆகையால், இழப்புகளைக் கணக்கில் எடுக்காவிட்டால், அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாற்று. இது அந்த மோட்டரின் இயல்பு. நாம் ஆளியைப் போட்டாலும் போடாவிட்டாலும் மாறாது. மிளகாய்க்கு இரண்டு மணித்தியாலம் நீர் இறைத்தால் செலவாகும் மூன்று கிலோவாற்று மணித்தியாலம்தான் சக்தி, மின்பட்டியலில் மூன்று யூனிற்றாக ஏறுவதும் அதுவே. மன்னார்த் தீவிலுள்ள தம்பபவனி காற்றாலைப் பண்ணையைப் பற்றி எழுதும்போது, ‘மணிக்கு 103.5 மெகாவாற்று உற்பத்தி’ என்று எழுதினால் அது பொருளற்ற தொடர். தலா 3.45 மெகாவாற்றுக் கொள்ளளவுள்ள 30 காற்றாலைகளின் கூட்டுத்தொகையே 103.5 மெகாவாற்று, வாற்றுக்குள் ஏற்கெனவே நேரம் அடங்கியிருப்பதால், அதன் முன் ‘மணிக்கு’ என்பதைச் சேர்க்க இடமில்லை. ஆங்கிலத்தில் விண்ட் பவர், சோலர் பவர் என்று பொதுவாகச் சொல்லும்போது மட்டும் அது அளவைக் குறிக்காமல் மூலத்தைக் குறிக்கும் என்பதால், அங்கே காற்றுச் சக்தி, சூரிய சக்தி என்று எழுதுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

‘வலு கெதியாய் வந்திட்டார்’, ‘வலு நல்ல மனிசன்’ என்று நாங்கள் மிகுதியைக் குறிக்கவும் வலுவைப் பயன்படுத்துகிறோம். ஒரு வாரம் ஓய்வெடுத்தது மிகுந்த நன்மை தந்தது என்பதற்கு, டிட் மீ அ பவர் ஒஃப் குட் என்று ஆங்கிலேயரும் சொல்வதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அரசியல், சட்ட எழுத்துகளில் கவனிக்க வேண்டியது ஒருமை பன்மை வேறுபாடு. ஒரு கட்சி இன் பவர் என்றால் ஆட்சியில் இருக்கிறது என்பது பொருள். ‘அதிகாரத்துக்குள் இருக்கிறது’ என்று எழுதுவது தமிழாகாது. பவர்ஸ் என்று பன்மையில் வந்தால் அவை சட்டம் வகுத்துக்கொடுத்த தனித்தனி அதிகாரங்கள். இலங்கை அரசியலமைப்பின் 1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்தைப் பற்றிப் பேசும்போது வரும் காணி, பொலிஸ் அதிகாரங்கள் அத்தகையவை. கிறேட் பவர்ஸ் என்று வந்தால் அது வல்லரசுகள். நிறுவனங்களின் திட்டப் பெயர்ப்பலகைகளில் எங்கும் காணப்படும் எம்பவர்மென்ற் என்பதற்கு எங்களிடம் வலுவூட்டல் என்ற நல்ல சொல் நிலைத்துவிட்டது. ஆனால் ஒரு சட்டம் ஓர் அலுவலரை எம்பவர் செய்கிறது என்று வந்தால், அவருக்கு வலுவூட்டுவதாக எழுதக்கூடாது, அதிகாரமளிப்பதாக எழுத வேண்டும்.

இலங்கையின் சட்டத்தமிழ் இன்னொரு பொறியையும் வைத்திருக்கிறது. அரசியலமைப்பின் 3 ஆம் உறுப்புரை, மக்களின் இறைமைக்குள் அடங்குபவற்றுள் முதலாவதாக ஆட்சித் தத்துவங்களைச் சொல்கிறது. இங்கே தத்துவம் என்பது பவர். இதை அறியாமல் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்த மாணவி ஒருத்தி, சட்டமாக்கற் தத்துவத்தை லெஜிஸ்லேற்றிவ் ஃபிலோசொஃபி ஆக்கிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெய்யியலுக்கும் அதிகாரத்துக்கும் ஒரே சொல்லை வைத்தது அவள் அல்ல.

அதே தத்துவம்தான் அற்றோணித் தத்துவத்திலும் இருக்கிறது. பவர் ஒஃப் அற்றோணி என்பதற்கு இங்கு வழங்கும் பெயர் அது. 1902 இன் 4 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கானது. பிள்ளைகளும் சகோதரர்களும் வெளிநாட்டில் இருக்க, காணிகள் வன்னியில் இருப்பதால், இந்த ஆவணத்தைக் கையில் எடுத்திராத குடும்பம் இங்கே குறைவு. ஒருவர் தன் சார்பில் குறித்த காரியங்களைச் செய்ய இன்னொருவருக்குக் கொடுக்கும் எழுத்து அது. கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் அற்றோணி அற் லோ என்றால் சட்டத்தரணி என்பதால், பவர் ஒஃப் அற்றோணியும் சட்டத்தரணியின் அதிகாரம் என்று பலர் எண்ணுகிறார்கள். கனடாவிலுள்ள தம்பி அனுப்பிய ஆவணத்தின் தமிழ்ப் பெயர்ப்பை ஒரு கடையில் செய்வித்துக் கொண்டுவந்த அம்மா ஒருவர், கடந்த ஆண்டு என் வீட்டுத் திண்ணையில் அதை விரித்தார். தலைப்பில் ‘சட்டத்தரணியின் சக்தி’ என்றிருந்தது. கீழே, சக்தி பெற்றவர் என்ற இடத்தில் அவருடைய சொந்தப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருந்தன.

“தம்பி, உறுதிக்காணிக்கு வேலி போட நான் எதுக்கு லோயரைப் பிடிக்க வேணும்?” என்று கேட்டார்.

“தேவையில்லை அக்கா” என்றேன். “இதில் அற்றோணி என்று எழுதியிருப்பது உங்களைத்தான்.”