கார் கடிகாரம் நின்றுவிட்டதா? மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

டேஷ்போர்டுக் கடிகாரம் நின்றுபோனால் பலரும் செல்போனில் மணி பார்த்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஓட்டும்போது செல்போனைக் குனிந்து பார்ப்பது ஆபத்து. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். இந்தக் கோளாறோடு யார் வந்தாலும் முதலில் கேட்பது, “அண்ணாச்சி, வண்டி எங்க நிக்கும்?”

உவரி, இடிந்தகரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் எர்த் போல்ட் (நெகட்டிவ் வயரை வண்டியின் இரும்போடு இணைப்பது) துருப்பிடித்திருக்கும். பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் என்றால் முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கும். பாளையங்கோட்டை வெயிலில் கூரை இல்லாமல் நிற்கும் வண்டி என்றால், கடிகாரத்துக்கு உள்ளேயே ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கும் என்று சந்தேகப்படுவேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபியூஸ். பல கார்களில் கடிகாரமும் ரூம் லைட்டும் ஒரே ஃபியூஸில் ஓடும். ரூம் லைட்டும் எரியவில்லை என்றால் கடிகாரத்தைக் கழற்றவே வேண்டாம். ஃபியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருக்கும் அதே ஆம்பியரில் புதுசு போடுங்கள். 10 இடத்தில் 20 போட்டால் வயர் கருகும். சேரன்மகாதேவி அண்ணாச்சி ஒருவரிடம் ஒரு கடையில் மீட்டர் செட்டையே மாற்றணும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஃபியூஸ் மாற்றியதும் மணி காட்டியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் (கோட்) இருந்தால் முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் வண்டியில் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர் எதையும் தொடாதீர்கள். பிளாஸ்டிக் பட்டையால் கடிகாரத்தின் ஓரத்தை மெதுவாக நெம்புங்கள். வெயிலில் வெந்த கிளிப் படக்கென்று உடையும்.

கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியை மாட்டி, மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நாலு வயர்: எப்போதும் 12 வோல்ட் வருவது, சாவி திருப்பினால் வருவது, பார்க் லைட் போட்டால் வருவது, எர்த். நிறம் வண்டிக்கு வண்டி மாறும், அதை நம்ப வேண்டாம். சாவியை எடுக்கும்போதெல்லாம் மணி அழிந்துபோனால் முதல் வயரில் கோளாறு. மணி சரியாக ஓடுகிறது, ஆனால் எழுத்து தெரியவில்லை என்றால் இரண்டாவது வயர். பகலில் மங்கலாகத் தெரிந்தால் மூன்றாவதைப் பாருங்கள். டிஜிட்டல் கடிகாரம் பார்க் லைட் போட்டதும் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், அந்த வயரில் தப்பாகக் கரண்ட் வந்தால் பகலிலும் குறைக்கும். எர்த் சந்தேகமாக இருந்தால் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு முறுக்குங்கள்.

நாலு வயரும் சரியா? கடிகாரத்தைத் திறங்கள். பெரிய ரெசிஸ்டர்களின் கால் பதிந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அவை சூடாகும் இடம்; ஈயத்தைச் சுற்றி மெல்லிய கருவளையம் தெரிந்தால் அதுதான் விரிசல். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஃபிளக்ஸ் தடவி, 25 வாட் அயர்னால் புதுசாகப் பற்றவையுங்கள். கப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரடில், வோல்ட் குறையாமல் போடுங்கள். உறையில் 85 டிகிரி என்று இருந்தாலும் 105 டிகிரி கேட்டு வாங்குங்கள், நம்ம ஊர் வெயிலுக்கு அதுதான் நிற்கும். கோடு போட்ட பக்கம் நெகட்டிவ்.

போர்டே கருகியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். பழைய வண்டிப் பாகம் விற்கும் கடையில் அதே மாடல் கிடைத்தால் நல்லது. வேறு கடிகாரம் வைத்தால் அதற்குப் போகும், எப்போதும் 12 வோல்ட் வரும் வயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ் சேருங்கள். வெறும் டேப்பில் ஒட்டினால் கத்திரி வெயிலில் கழன்று விழும், ஸ்குரூ போட்டே பிடியுங்கள்.

மூடுவதற்கு முன் ஒரு ராத்திரி ஓடவிட்டு, செல்போன் மணியோடு ஒத்துப் பாருங்கள். ஒரே நாளில் நிமிஷக்கணக்கில் பிந்தினால் கடிகாரத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் என்ற சின்னப் பாகத்தைச் சந்தேகப்படலாம். அதன் மேலே 4.194304 மாதிரி ஓர் எண் இருக்கும். அதே எண்ணில் வேறொன்று வாங்கிப் போட்டுவிட்டு மூடுங்கள்.