அருங்காட்சியகத்தில் ஓவியம் பார்ப்பது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைத்திருக்கும் கலைப்பொருட்கள் மட்டும் சுமார் 35,000. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும், தூங்காமல் பார்த்து முடிக்க 24 நாள் ஆகும். எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசையை வாசலிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

1. முந்தின நாளே இணையதளத்தில் விடுமுறை நாளைப் பாருங்கள். லூவ்ருக்குச் செவ்வாய், நியூயார்க் மெட்ரோபாலிட்டனுக்குப் புதன். வரைபடத்தில் இரண்டே இரண்டு கூடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பெரிய பையைக் காப்பறையில் கொடுத்துவிடுங்கள். கேமராவில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

3. கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, உங்களை இழுத்த ஒரே படத்திடம் திரும்பி வாருங்கள். பத்து நிமிடம் நில்லுங்கள். முதல் மூன்று நிமிடம் சலிக்கும், பொறுங்கள். தள்ளி நின்று, கிட்டப் போய், பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். லண்டன் நேஷனல் கேலரியில் ஹோல்பைன் 1533-இல் வரைந்த ‘தூதர்கள்’ இருக்கிறது. நேரே நின்றால் இருவரின் காலடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ கோணலாக இழுபட்டுக் கிடக்கும். வலப்பக்க ஓரத்துக்குப் போய்ச் சாய்வாகப் பாருங்கள்: மண்டையோடு! படத்திலுள்ள அலமாரித் தட்டில் இருக்கும் வீணை போன்ற லூட்டில் ஒரு நரம்பு அறுந்திருப்பதும் அப்புறம்தான் கண்ணில் படும்.

4. விவரப் பலகையைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் கண் அதில் சொன்னதை மட்டுமே தேடும் (என் அனுபவம்). பலர் தாண்டிப் போகும் கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது: சேர்க்கை எண். மெட்ரோபாலிட்டனில் வான் கோவின் சைப்ரஸ் மர வயல் ஓவியத்துக்கு 1993.132. முன்பாதி, படம் அங்கே வந்து சேர்ந்த ஆண்டு. வரைந்ததோ 1889. நடுவில் அது யார் யார் வீட்டுச் சுவரில் தொங்கியது என்பது தனிக்கதை. அந்த எண்ணை இணையதளத்தில் தட்டினால் கைமாறிய பட்டியலே கிடைக்கும்.

5. சில அறைகள் மங்கலாக இருக்கும். கண்ணில் கோளாறில்லை. காகிதத்தில் வரைந்தவை வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால் விளக்கைச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் வைத்திருப்பார்கள். சில மாதம் காட்டிவிட்டுத் திரும்பக் கிடங்குக்கு எடுத்துப் போய்விடுவார்கள். அதனால், குறித்த இரண்டு கூடங்களில் ஒன்று இப்படிப்பட்டதாக இருந்தால் அங்கேதான் முதலில் போக வேண்டும்.

6. கால் கெஞ்சத் தொடங்கியதும் பெஞ்சில் உட்காருங்கள். பெரும்பாலும் நல்ல படத்துக்கு எதிரேதான் போட்டிருப்பார்கள்.