பழ ஈப் பொறி: மா, கொய்யாத் தோட்டங்களுக்கு

பொறிப் போத்தல் நிறைய ஈ செத்துக் கிடக்கும்; கொய்யாவைப் பிளந்தால் புழு நெளியும். வன்னியில் பொறி கட்டிய பலருக்கும் இந்த ஏமாற்றம் உண்டு. பொறியில் வைக்கும் மணமருந்தான மீதைல் இயூஜினோல் ஆண் ஈயை மட்டுமே இழுக்கும். பழத்தைக் குத்தி முட்டையிடுவது பெண். இணைசேர்ந்துவிட்ட பெண் ஈயைப் பொறி ஒன்றும் செய்யாது. அதனால் அறுவடைக்கு ஏறத்தாழ 2 மாதம் முன்பே, காய் பச்சையாக இருக்கும்போதே கட்டிவிடுங்கள்.

5 செ.மீ. சதுரமும் 12 மி.மீ. தடிப்பும் உள்ள ஒட்டுப்பலகைத் துண்டுகளை வெட்டுங்கள். எதனோல் 60 மி.லீ., மீதைல் இயூஜினோல் 40 மி.லீ., மலத்தியன் என்ற பீடைநாசினி 10 மி.லீ. கலந்து, மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் துண்டுகளை 2 அல்லது 3 நாள் ஊறவிடுங்கள். பிளாஸ்டிக் சாடி வேண்டாம், சில வகைகளை இந்த எண்ணெய் கரைத்துவிடும். கையுறை கட்டாயம்.

1 லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் மேற்பாதியில், சுண்டுவிரல் நுழையும் அளவில் 4 துளை. அடியில் ஊசித்துளை இரண்டு, மழைநீர் வடிய. மூடியைத் துளைத்துக் கம்பி விட்டு, துண்டை உள்ளே தொங்கவிடுங்கள். கம்பியில் கிறீஸ் பூச மறக்க வேண்டாம்: எறும்பு செத்த ஈயைத் தூக்கிக்கொண்டு போனால், உங்கள் கணக்குப் பிழைத்துவிடும்.

ஏக்கருக்கு 10 பொறி போதும். ஆள் உயரத்தில், நிழலில் கட்டுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) நேரே அடிக்கும் வெளிக்கொப்பில் தொங்கினால் மருந்து சீக்கிரம் காய்ந்துவிடும், வெயிலும் அப்படியே. மாதம் ஒருமுறை துண்டை மாற்றுங்கள். பிடிபடும் ஈ திடீரெனக் குறைந்தால் சந்தோசப்படாமல், பக்கத்தில் புதுத்துண்டு போட்ட பொறி ஒன்றைக் கட்டிப் பாருங்கள். அதில் ஈ விழுந்தால், குறைந்தது ஈ அல்ல, மணம்.

பூசணி, பாகல், புடோலைக் குத்தும் ஈ வேறு இனம். அதற்குக் கியூலூர் என்ற வேறு மணமருந்து வேண்டும். இந்தத் துண்டுக்கு அது வராது.

பொறியைவிட முக்கியம், விழுந்த பழம். புழு பழத்தை விட்டு இறங்கி, மண்ணில் சில சென்ரிமீற்றர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக எழும்பும். பசளைக் குழியில் எறிந்தால் நாமே ஈ வளர்ப்பதுதான். தினமும் பொறுக்கி 2 அடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வெயிலில் போடுங்கள். பக்கத்துக் காணி கவனிப்பாரற்றுக் கிடந்தால், அங்குள்ள மரத்தடியையும் கேட்டுத் துப்புரவாக்குவது நல்லது. ஈக்கு வேலி கிடையாது.

பெண் ஈக்கு முட்டை முதிரப் புரதம் தேவை. புரத இரையும் பீடைநாசினியும் கலந்து இலையின் அடிப்புறத்தில் ஆங்காங்கே மட்டும் தெளிப்பது அதற்காகத்தான். அளவை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். பழத்தில் படக்கூடாது.

கொய்யா சிறு எலுமிச்சம்பழ அளவானதும் கடதாசிப் பையால் மூடிக் கட்டினால் பெண் ஈ குத்த வழியில்லை. துளையில்லாத பொலித்தீன் பை வன்னி வெயிலில் வியர்த்துப் பழத்தை அழுகவைக்கும்.