முதல் இளவெயில் நாளில் வீட்டுக்குள் இருக்காதீர்கள்

பனி கொட்டும் நகரத்துக்கு வந்து முதல் குளிர்காலத்தை ஒருவழியாகத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்களா? பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ ஒருநாள் வெப்பநிலை திடீரென்று 8, 10 டிகிரிக்கு ஏறும். கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டும் சத்தம் காலையிலேயே கேட்கும். அன்றைக்கு எந்த வேலை இருந்தாலும் ஒரு மணி நேரமாவது வெளியே போய் வாருங்கள். துணி துவைப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வெயில் நாளைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

வெயில் என்றாலே நிழல் தேடி ஒதுங்கிப் பழகியவர்களுக்கு இதை அழுத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பிய உடம்பு அது. பகல் வெளிச்சம், அதுவும் காலை வெளிச்சம், கண்ணில் பட்டால்தான் தூக்கமும் விழிப்பும் ஓர் ஒழுங்குக்கு வரும். குளிர்காலம் முழுக்கக் காரணமே தெரியாமல் சோர்ந்து கிடந்தவர்களுக்கு இது பெரிய உதவி. அப்படியும் சோர்வு விடவில்லை என்றால் மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம். இங்கே பலருக்கும் வருகிற விஷயம்தான் அது. ஆனால் வைட்டமின் டி மாத்திரை சாப்பிடச் சொல்லியிருந்தால், வெயில் வந்துவிட்டதென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சூரியன் இன்னும் தாழ்வாகத்தான் இருக்கும். மாநிறமோ கறுப்போ உள்ள தோலுக்கு வைட்டமின் உண்டாக இன்னும் கூடுதல் வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது உண்டாகவே உண்டாகாது.

சரி, என்ன உடுத்துவது? தடித்த ஒரே கோட்டை விட மெல்லிய இரண்டு மூன்று அடுக்குகள் நல்லது. வெயில் படும் பக்கம் வியர்க்கும், கட்டட நிழலுக்குள் போனதும் நடுங்கும். தொப்பியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கால் வைக்கும் இடம். இந்த நாட்களில் எனக்கு உண்மையான பயம் இதில்தான். பகலில் உருகிய நீர் நடைபாதையில் பரவி நிற்கும், இரவில் உறைந்துவிடும். மறுநாள் காலையில் அது கண்ணாடித் தாள் போல ஒட்டிக் கிடக்கும். ஈரத் தரை மாதிரிதான் தெரியும். பிளாக் ஐஸ் என்பது இதுதான். காலையில் நிழல் விழும் பக்கத்தைத் தவிருங்கள். கைகளைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து, சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் பதித்து நடங்கள். கூரை ஓரமாகவும் போக வேண்டாம், பனிப்பாளமும் கூரான பனி ஈட்டிகளும் சொல்லாமல் விழும். ஏரி, குளத்தின் மேல் உள்ள பனிக்கட்டி பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும். யாரோ நடந்த காலடித் தடம் தெரிந்தாலும் குழந்தைகளை இறங்க விடாதீர்கள்.

குளிர்காலம் முழுக்க முகம் கொடுக்காத பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்று வாசலில் நிற்பார்கள். "நல்ல வெயில், இல்லையா?" என்று அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அறிமுகம் செய்துகொள்ள இதைவிட எளிதான நாள் அமையாது.

கோட்டையும் பூட்ஸையும் மட்டும் மூட்டை கட்டிவிடாதீர்கள். ஏப்ரலில்கூடப் பனி வந்து நிற்கும். பூட்ஸில் படிந்த வெள்ளை உப்புக் கறையை, தண்ணீரும் வினிகரும் சரிபாதி கலந்து ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அப்படியே விட்டால் பூட்ஸின் தோல் வெடிக்கும். கார் வைத்திருந்தால் அடிப்பாகத்தையும் கழுவுங்கள், சாலையில் தூவிய உப்பு துருப்பிடிக்க வைத்துவிடும்.

கடைசியாக ஒன்று: மார்ச்சில் கோடைகால நேரத்துக்கு மாறுவதற்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் இரண்டாவது ஞாயிறு, பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் கடைசி ஞாயிறு. கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும். அடுப்பிலும் சுவரிலும் இருக்கும் கடிகாரத்தைச் சனி இரவே மாற்றி வையுங்கள்.