ஐலாஷ் எக்ஸ்டென்ஷன் கழுவ கேன் தண்ணி எடுங்க

ஐலாஷ் எக்ஸ்டென்ஷன், அதாவது இமை முடில பசை வச்சு ஒட்டுற செயற்கை முடி, போட்டிருந்தா எண்ணெய் இல்லாத லாஷ் ஃபோமை (இமை முடி கழுவுற நுரை) மெத்துனு இருக்குற பிரஷ்ல தொட்டு வேர்ல இருந்து நுனி வரைக்கும் தடவிட்டு, கடைசியா அலச மட்டும் போர் தண்ணி வேணாம், கேன் தண்ணி அரை டம்ளர் போதும். நம்ம வேலூர்ல நிறைய வீட்ல போர்ல உப்புத் தண்ணிதான், பக்கெட்லயே வெள்ளையா படியுது, இமைல படியாதா? அந்த உப்பு காஞ்சா முடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். இந்த வெயில்ல வேர்வையும் தூசியும் சேருறதால தினமும் கழுவுறது நல்லது, கழுவலன்னா இமை ஓரம் அரிக்கும். தேங்காண்ணெய் மட்டும் வேணாம், பசை இளகி கொட்டிடும். புதுசா போட்ட முதல் 24 மணி நேரம் தண்ணியே படக்கூடாது, கண்ணு செவந்து வீங்கியிருந்தா இதெல்லாம் விட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க.