பரவளையம் அச்சை எத்தனை இடத்தில் வெட்டும்? படகைப் பாருங்கள்

மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். இருபடிச் சார்பின் வரைபடமான பரவளையம் எக்ஸ் அச்சை எத்தனை இடத்தில் வெட்டும் என்று கேட்டால், பலர் உடனே காரணிப்படுத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். போன வருஷம் ஒரு மாணவி, எக்ஸ்² − 6எக்ஸ் + 13-க்குக் காரணி தேடியே கால் மணி நேரத்தைத் தொலைத்தாள். பாவம், அதற்கு மெய்யெண் காரணியே கிடையாது. கேட்டது எண்ணிக்கையை மட்டும்தான்.

எண்ணிக்கைக்குத் தன்மைக்காட்டி போதும்: பி² − 4ஏசி. எக்ஸ்²-இன் கெழு ஏ, எக்ஸின் கெழு பி, தனி எண் சி. விடை மிகை என்றால் இரண்டு இடம், பூச்சியம் என்றால் ஒன்று, குறை என்றால் வெட்டவே வெட்டாது.

ஏன் என்று புரிய, அந்த வாரமே பிள்ளைகளை முதுநகர் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனேன். படகை நேர் முன்னாலிருந்து பார்த்தால் மேல்நோக்கித் திறந்த பரவளையம் மாதிரி இருக்கும். நீர்மட்டம்தான் எக்ஸ் அச்சு.

எக்ஸ்² − 6எக்ஸ் + 5: 36 − 20 = 16. படகின் அடி 4 அலகு தண்ணீருக்குள். நீர்மட்டம் இரு பக்கமும் வெட்டுகிறது, 1-லும் 5-லும். சி-யை 9 ஆக்குங்கள்: 36 − 36 = 0. படகு 4 அலகு உயர்ந்து, அடி மட்டும் தண்ணீரை 3-இல் தொடுகிறது. 13 ஆக்கினால் 36 − 52 = −16. படகு அந்தரத்தில் நிற்கிறது. சி கூடக்கூடப் படகு மேலே போகிறது, அவ்வளவுதான். அதே பி, அதே வடிவம். இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை.

ஒரு குறுக்குவழி: ஏ-யும் சி-யும் எதிரெதிர்க் குறியில் இருந்தால் கணக்கே போட வேண்டாம். −4ஏசி மிகையாகிவிடும், பி² குறையாக முடியாது. ஆக, எப்போதும் இரண்டு.

பிள்ளைகள் தடுக்கி விழுவது குறியில்தான். 4எக்ஸ் − எக்ஸ்² − 7 என்று வரிசை மாற்றிக் கொடுத்தால், ஏ = 4 என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் −எக்ஸ்² + 4எக்ஸ் − 7 என்று மாற்றி எழுதுங்கள். அப்புறம் அடைப்புக்குறி போட்டே பிரதியிடுங்கள்: (4)² − 4(−1)(−7) = 16 − 28 = −12. வெட்டாது. ஏ குறை என்பதால் இது கவிழ்ந்த படகு. எக்ஸ் = 2 என்று போட்டால் உச்சியின் உயரம் −3 வரும். முதுகுகூட வெளியே தெரியாமல் மூழ்கிக் கிடக்கிறது.