பொங்கல் வாழ்த்து அட்டை: படத்தின் கலர் எங்கே கெடுகிறது?

ஜனவரி முதல் வாரத்தில் தபால்காரர் கட்டுக்கட்டாகப் பொங்கல் வாழ்த்து கொண்டுவந்த காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த எம்.ஜி.ஆர்., ரஜினி, கரும்பு, காளைமாட்டு அட்டைகளின் இடத்தில் இன்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு. இருந்தாலும் சில வீடுகளில் சொந்தமாக அட்டை செய்து அனுப்புகிறார்கள். போன பொங்கலன்று எடுத்த குடும்பப் படம், கீழே ஒரு வரி வாழ்த்து, கலர் பிரிண்ட், கவர், ஸ்டாம்ப், அவ்வளவுதான். செலவும் பெரிதில்லை.

பிரிண்ட் கைக்கு வந்ததும்தான் முகம் தொங்கிவிடும். போனில் பளிச்சென்று இருந்த படம் தாளில் கருத்துக் கிடக்கும். அரக்குப் பட்டு வெறும் சிவப்புத் திட்டாகத் தெரியும். பாட்டி முகத்தில் நீலம் அடிக்கும். உடனே பழி கடைக்காரர் மேல் விழும். பெரும்பாலும் அந்தப் பழி அவருக்குச் சேராது. படத்தைத் திறந்தவுடன் எல்லோர் விரலும் முதலில் நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனுக்குத்தான் போகிறது, அங்கே ஆரம்பிக்கிறது வினை. முதலில் அளவு, அடுத்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சமன்செய்வது), அடுத்து வெளிச்சம், எல்லாம் முடிந்த பிறகுதான் சாச்சுரேஷன். இந்த வரிசை தப்பினால் ஒரு கோளாறை மறைக்க இன்னொரு கோளாறு என்று இழுத்துக்கொண்டே போகும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுத்து வேலை பார்ப்பது

குடும்ப குரூப்பில் வந்த படம்தானே என்று அதையே டவுன்லோடு செய்து திருத்துகிறோம். வழக்கமான முறையில் அனுப்பிய படத்தின் நீளப் பக்கம் அங்கே ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகிறது, தரமும் குறைகிறது. 4×6 அங்குல பிரிண்டுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1800×1200 பிக்சல் வேண்டும். ஏ4 தாளை இரண்டாக மடித்து, அட்டையின் முன்பக்கம் முழுக்கப் படம் வைப்பதென்றால் 2480×1748. கொஞ்சம் குறைந்தாலும் குடிமுழுகிப் போய்விடாது, 200 டிபிஐயே வீட்டு அட்டைக்குத் தாங்கும். ஆனால் அந்தச் சுருங்கிய படத்தில் நான்கு பேரை மட்டும் கிராப் செய்து பெரிதாக்கினால் கண்ணும் பொட்டும் கட்டம் கட்டமாக உடையும். படம் எடுத்தவரிடமே கேட்டு, 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேலை பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன சொல்வது!

இன்னொன்று: ஜேபெக் கோப்பை ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் அது மறுபடி சுருக்கப்படுகிறது. இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று ஒரே கோப்பின்மேல் சேமித்துக்கொண்டே போனால் வானமும் சுவரும் அழுக்குப் படிந்ததுபோல் ஆகும். அசலைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, ஒரே மூச்சில் முடிப்பது நல்லது.

வேட்டியை வெள்ளை என்று நம்புவது

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

வாசலில் பொங்கல் வைக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பானைமேல் காலை வெயில் மஞ்சளாக விழுகிறது. திண்ணை நிழலில் பாட்டி நிற்கிறார், அங்கே வருவது திறந்த வானத்தின் நீல வெளிச்சம். உள்ளே எரியும் ட்யூப்லைட்டின் வெளிச்சமும் நிலைப்படி வழியாக எட்டிப் பார்க்கிறது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: மஞ்சள் பல்பு 2700, நடுப்பகல் வெயில் சுமார் 5500, வீடுகளில் அதிகம் மாட்டும் வெள்ளை ட்யூப் 6500. எண் ஏற ஏற நீலம் கூடும். கேமரா இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கணக்கைத்தான் போடும். அதனால் பானை பொன்னாக ஜொலிக்க, பாட்டி நீலம் பாய்ந்து நிற்பார்.

இதைச் சரிசெய்ய ஸ்னாப்சீட், ஜிம்ப் போன்ற படம் திருத்தும் செயலிகளில் சொட்டுக்குழாய் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. படத்தில் எது நிறமற்றதோ அதைத் தொட்டுக் காட்டினால், அதை வைத்து மொத்தப் படத்தையும் அது சமன்செய்யும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தாத்தாவின் வேட்டியைத் தொடுவார்கள். அந்த வேட்டியோ சொட்டு நீலம் போட்டு அலசியது. அதில் உண்மையாகவே நீலச் சாயல் உண்டு. 'இதுதான் வெள்ளை' என்று நீங்கள் சொன்னதும், அந்த நீலத்தை ஈடுகட்டப் படம் முழுவதும் மஞ்சள் பக்கம் சாயும். எவர்சில்வர் பானையைத் தொடலாமா என்றால் அது எதிரே இருப்பதையெல்லாம் வாங்கிக் காட்டும் கண்ணாடி. அரிசிமாவுக் கோலத்தில் இழை மெல்லிசு, விரல் மண்ணையும் சேர்த்துத் தொட்டுவிடும். சாயம் போடாத சிமெண்டுத் தரை அல்லது பூசிய சுவர் கண்ணில் பட்டால் அதைத் தொடுங்கள். நாலைந்து இடம் தொட்டுப் பார்த்து, எதில் முகத்தோல் இயல்பாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். முடிவு சொல்ல வேண்டியது முகம்தான்.

'ஆட்டோ' பொத்தானை இந்த மாதிரிப் படத்தில் நம்ப வேண்டாம். படத்தின் நிறங்களையெல்லாம் சேர்த்துக் கலந்தால் சாம்பல் வரவேண்டும் என்ற அனுமானம்தான் பல ஆட்டோ முறைகளுக்கு அடிப்படை. பொங்கல் படத்தில் மஞ்சள் கொத்து, பூசிய மஞ்சள், வாழைக்குலை, இளவெயில் என்று எல்லாமே மஞ்சள் பக்கம். 'இவ்வளவு மஞ்சள் கோளாறாகத்தான் இருக்கும்' என்று அது மஞ்சளைக் கழுவிவிடும். பொங்கலும் கழன்றுவிடும்.

வெயிலும் நிழலும் கலந்த படத்தில் இரண்டையும் ஒரே ஸ்லைடரால் காப்பாற்ற முடியாது. முகத்துக்குச் சரியாக வையுங்கள். பானை கூடுதலாகப் பொன்னிறம் காட்டினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. உறுத்தினால் ஸ்னாப்சீடின் பிரஷ்ஷில் மஞ்சள்-நீலச் சாயலை மாற்றும் டெம்பரேச்சர் என்று ஒன்று உண்டு, அந்த இடத்தில் மட்டும் தடவிக் குறைக்கலாம். நம் வீடுகளில் இன்னொரு வில்லன் கிளிப்பச்சைச் சுவர். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கன்னத்தில் பச்சை பூசும். டெம்பரேச்சரை எவ்வளவு நகர்த்தினாலும் அது போகாது. பக்கத்தில் இருக்கும் டின்ட் ஸ்லைடரை மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் ஒரு நூல் தள்ள வேண்டும். நீலச் சாமியானாவுக்குக் கீழே எடுத்த படம் மட்டும் கைவிட்ட கேஸ். முகத்தில் சிவப்பே விழாதபோது அதை எங்கிருந்து கொண்டுவருவது? அதைக் கருப்பு வெள்ளையாக்கினால் அழகான அட்டை கிடைக்கும்.

கலர் தூக்கல்

ஒயிட் பேலன்ஸ் சரியானதும் பாதிப் படங்களுக்கு மேற்கொண்டு கலரே ஏற்ற வேண்டியிருக்காது. மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம் நிறக்குறைவே இல்லை, அந்த நீலப் படலம்தான்.

அப்படியும் ஏற்றுவதென்றால் பட்டுப்புடவையைப் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். டிஜிட்டல் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். அரக்குப் புடவையில் சிவப்பு ஏற்கெனவே உச்சத்தை ஒட்டி நிற்கும். சாச்சுரேஷனைத் தள்ளினால் மடிப்பின் மேட்டிலும் சிவப்பு 255, அதை ஒட்டிய பகுதியிலும் 255. மடிப்பு காணாமல் போகும், ஜரிகைப் புட்டாக்கள் சிவப்பில் கரையும். முந்தானையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இழை தெரிகிறதா? தெரியாவிட்டால் பின்வாங்குங்கள். லைட்ரூம் செயலியில் வைப்ரன்ஸ் என்று தனியாக இருக்கிறது. மங்கிய நிறங்களை அதிகமும், ஏற்கெனவே அடர்ந்த நிறங்களைக் குறைவாகவும் அது தொடும், தோலையும் ஓரளவு விட்டுவைக்கும். பசேல் என்று கரும்புத்தோகை வேண்டுமென்றால் பச்சையை மட்டும் தனியே ஏற்றலாம், அதற்காகப் படம் முழுவதையும் ஏற்ற வேண்டியதில்லை.

வேட்டி, வெயில் விழுந்த கோலம் இவற்றில் வெளிச்சம் எல்லை மீறி வெறும் வெள்ளையாகிவிட்டால் ஹைலைட்ஸை (படத்தின் வெளிச்சமான பகுதிகளை) எவ்வளவு குறைத்தாலும் கரை திரும்பி வராது, வெறும் சாம்பல்தான் வரும். அதனால் வெளிச்சம் ஏற்றும்போது வேட்டி மடிப்பின்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

அப்புறம் முகத்தை வெளுப்பாக்குவது. போன் கேமராவின் பியூட்டி மோடு பாதியைச் செய்துவிடுகிறது, மீதியை நாம் செய்கிறோம். கருத்த தோலில் வெளிச்சத்தைக் கண்டபடி ஏற்றினால் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். சுருக்கத்தை வழவழப்பாக்கினால் தாளில் மெழுகுபொம்மைதான் மிஞ்சும். பாட்டியை மாநிறமாக்கி அனுப்பினால், மதுரையில் இருக்கும் பேரன் 'இது யாரு?' என்று கேட்பான். முகம் நிழலில் இருண்டிருந்தால் ஷேடோஸை (இருண்ட பகுதிகளை) மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். புள்ளி புள்ளியாகச் சிவப்பும் பச்சையும் தெரிய ஆரம்பித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

திரையைப் பார்த்துத் தாளுக்கு முடிவெடுப்பது

ராத்திரி படுக்கையில் படுத்துக்கொண்டு படம் திருத்துகிறோம். கண் கூசாமல் இருக்கப் போனில் போட்டுவைத்த நைட் லைட் திரையை மஞ்சளாக்கியிருக்கும். அதைப் பார்த்து நீங்கள் மஞ்சளைக் குறைப்பீர்கள், காலையில் படம் நீலமாக இருக்கும். பல போன்களின் திரை 'விவிட்' மோடில்தான் வருகிறது. அது எல்லாக் கலரையும் தானாகவே தூக்கிக் காட்டும். இரண்டையும் அணைத்துவிட்டு, டிஸ்ப்ளே அமைப்பில் 'நேச்சுரல்' போட்டு, பிரைட்னஸைப் பாதிக்கு இறக்கி, பகலில் பாருங்கள். திரை தானே ஒளி விடுவது, தாள் மேலே விழுவதைத் திருப்பி அனுப்புவது. முழு பிரைட்னஸில் சரியாகத் தெரிந்த படம் தாளில் கருத்துத்தான் வரும்.

கலர் ஜெராக்ஸ் மெஷின் நான்கு மைகளால் நிறம் சேர்க்கிறது. திரை காட்டும் ராணி பிங்க், கிளிப்பச்சை, பளீர் நீலம் ஆகியவை அந்த மைகளுக்கு எட்டாது. மஞ்சளும் செங்கல் சிவப்பும் நன்றாக வரும். அதனால் அட்டைக்குப் பார்டர் கலர் தேர்வு செய்யும்போதே மஞ்சள், காவி, மெரூன் பக்கம் போய்விடுவது புத்திசாலித்தனம்.

ஐம்பது அட்டைக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனைத் தாள் போடுங்கள். ஒரே படத்தை நான்கு விதமாக, வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒரே ஏ4 தாளில் நான்கு கட்டமாக வைத்து, அதே கடையில், அட்டைக்கு எடுக்கும் அதே ரகத் தாளில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் எது சரி என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

படம் அட்டையாகும்போது

போன் படம் பெரும்பாலும் 4:3 விகிதம், 4×6 பிரிண்ட் 3:2. இரண்டும் பொருந்தாது. நீங்கள் கிராப் செய்யாவிட்டால் மெஷின் செய்துவிடும். படுக்கைவாட்டுப் படத்தில் மேலும் கீழுமாகச் சேர்த்து ஒன்பதில் ஒரு பங்கு போகும். போவது பின்வரிசைச் சித்தப்பாவின் நெற்றி. முழுப் பக்கப் படமென்றால் வெட்டும் விளிம்புக்கு வெளியே சுற்றிலும் 3 மில்லிமீட்டர் படம் நீட்டியிருக்க வேண்டும். எழுத்தை விளிம்பிலிருந்து குறைந்தது 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள்.

தமிழ் எழுத்தில் வரும் சிக்கல் தனி ரகம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அந்த எழுத்துரு இல்லாத கடைக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். யூனிகோடில் அடித்தாலும், பழைய ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். 'பொங்கல்' என்ற சொல்லின் முதல் எழுத்துக்கே இரண்டு பக்கமும் துணையெழுத்து இருப்பதால் முதலில் சிதறுவது அதுதான். கடைக்குக் கொடுப்பது பிடிஎஃப் ஆக இருக்கட்டும். எழுத்துக்கு அவுட்லைன் போட்டுத் தடிமனாக்கினால் 'ழ', 'ணை' போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும். வேண்டுமானால் பலூ தம்பி மாதிரி இயல்பிலேயே தடித்த எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கும் அட்டையில் முன்பக்கப் படம் ஏ4 தாளின் வலது பாதியில் வரவேண்டும், இடது பாதி பின்பக்கம். உள்ளேயும் அச்சிடுவதாக இருந்தால் பிரிண்டரில் 'ஃபிளிப் ஆன் ஷார்ட் எட்ஜ்' தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே வாழ்த்து தலைகீழாக நிற்கும். லேசர் பிரிண்டில் அடர்ந்த நிறம் மடிப்பைத் தாண்டிப் போனால் அங்கே பொடி மை உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும். மடிப்பில் ஒரு விரல் அகலம் வெள்ளையாக விட்டு, ஸ்கேல் வைத்து மை தீர்ந்த பேனாவால் கோடு அழுத்திய பிறகு மடியுங்கள். வீட்டு இங்க்ஜெட்டுக்கு வாங்கிய பளபளப்பு ஃபோட்டோ பேப்பரைக் கடை லேசர் மெஷினில் போடச் சொல்லவே கூடாது. சூட்டில் மேல்பூச்சு உருகி உருளையில் ஒட்டும், கடைக்காரர் சும்மா விடமாட்டார். கையால் நாலு வார்த்தை எழுதும் பக்கம் பளபளப்பு இல்லாததாகவே இருக்கட்டும், பளபளப்பில் ஜெல் பேனா எழுத்து கையோடு வந்துவிடும்.

தாளின் கனத்தையும் தபாலை நினைத்தே முடிவு செய்யுங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. சதுர மீட்டரில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு ஏ4. ஆக 250 ஜிஎஸ்எம் அட்டை ஒன்று 15.6 கிராம், 300 ஜிஎஸ்எம் என்றால் 18.7 கிராம். தபால் கட்டணப் படி 20 கிராமுக்கு ஒருமுறை ஏறும், கவரின் எடை தனி. 250 ஜிஎஸ்எம் அட்டையே கவரோடு எல்லையைத் தாண்டிவிடக்கூடும். தாண்டியது தெரியாமல் ஒற்றை ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் கூடுதல் காசை வாங்கிக்கொண்டுதான் அத்தையிடம் கொடுப்பார்கள். 200 ஜிஎஸ்எம்மில் ஒன்று செய்து, கவரில் போட்டு, நகைக்கடைத் தராசோ சமையலறைத் தராசோ கிடைத்தால் வைத்துப் பார்த்துவிடுங்கள்.